செப்பனிடுதகவு: ‘ரிப்பேரபிலிட்டி’ என்னும் சொல்

ஒரு கருவி கெட்டால் அதைக் கழற்றி, உறுப்பை மாற்றி, மீண்டும் இயக்க எவ்வளவு இடம் தருகிறது என்பதைக் குறிக்கும் சொல் ‘ரிப்பேரபிலிட்டி’. இதன் அடியான ‘ரிப்பேர்’, ‘மீண்டும் ஆயத்தப்படுத்துதல்’ என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நம்மிடம் அது இரு பொருள் கொண்டுவிட்டது. சென்னை பர்மா பஜார் கடையில் ‘போன் ரிப்பேர்’ என்றால் கெட்டுவிட்டது என்று பொருள். ‘ரிப்பேர் பண்ணணும்’ என்றால் சரிசெய்ய வேண்டும் என்று பொருள். பேச்சில் இது இடறுவதில்லை என்றாலும், கலைச்சொல்லுக்கு அடியாக வைத்தால் குழப்பும்.

‘வைத்தியம் பார்த்தல்’ போல அமைந்த ‘பழுதுபார்த்தல்’ நல்ல சொல்தான். ஆனால் அது கைவினைஞரின் செயலையே முன்னிறுத்துகிறது. பொருளின் இயல்பைச் சொல்ல ‘செப்பனிடுதகவு’ என்பதே பொருத்தம் என்பது என் துணிபு. செப்பனிடுதலின் வேர் செப்பம்; செம்மை, நேர்மை, நடுவுநிலை ஆகிய மூன்றும் அதில் அடங்கும். ‘செப்பம் உடையவன் ஆக்கம் சிதைவின்றி’ என்ற குறளில் (112) அது நடுவுநிலையைக் குறிக்கிறது. உழைப்பாளருக்கு நேர்மை, பொருளுக்கு நீள் ஆயுள் என இரண்டையும் நோக்கமாகச் சொல்லும் நெதர்லாந்தின் ஃபேர்ஃபோன் நிறுவனத்தின் கைப்பேசிக்கு, இந்தச் சொல் இரு வகையிலும் பொருந்துகிறது.

இயல்பு என்பதைக் கண்ணால் காணலாம். பெரும்பாலான கைப்பேசிகளில் பேட்டரி உப்பிவிட்டால், பின்மூடியைச் சூடேற்றிப் பசையை இளக்கி, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை விளிம்பில் செருகி அங்குலம் அங்குலமாகப் பிரிக்க வேண்டும். கை சற்றுத் தவறினாலும் கண்ணாடியில் விரிசல் விழுந்துவிடும். 2023இல் வந்த ஃபேர்ஃபோன் 5இல் மூடியை நகத்தாலேயே நெம்பிப் பேட்டரியைக் கையால் எடுத்துவிடலாம். திரை முதலிய மற்ற உறுப்புகளுக்கு ஒரு திருப்புளி போதும். அந்த வேறுபாடு வரைபடத்திலேயே தீர்மானிக்கப்பட்டது.

ஆயினும் இத்தகவு கருவிக்குள் மட்டும் அடங்குவதன்று. பிரான்சு 2021 முதல் 2025 வரை கைப்பேசிகளுக்குப் பத்துக்கு இத்தனை என்று இட்ட செப்பனிடுதகவு மதிப்பெண்ணில், உதிரி உறுப்பு கிடைப்பதும் அதன் விலையும் சேர்த்தே எடைபோடப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாதிரியின் விற்பனை நின்ற பிறகும் ஏழாண்டுகள் முக்கிய உறுப்புகள் கிடைக்கச் செய்வது கட்டாயம்.

ஆகவே, ஃபேர்ஃபோனை வாங்கலாமா என்ற கேள்விக்கு இடத்தைப் பொறுத்தே விடை அமையும். ஃபேர்ஃபோன் இந்தியாவில் நேரடி விற்பனைக்கு வரவில்லை. வரவழைத்தாலும் அதன் திரைக்கு மீண்டும் ஐரோப்பாவையே நாட வேண்டும். ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ இருப்பவருக்கு, பரவலாக விற்கும் பசை ஒட்டிய போனே இன்றைக்குச் செப்பனிடுதகவு மிக்கதாக இருக்கக்கூடும். கைப்பேசியால் விளையும் கரியுமிழ்வில் பெரும்பகுதி உற்பத்தியின்போதே நிகழ்ந்துவிடுவதால், எந்தப் போனையும் கூடுதலாக இரண்டாண்டு ஓட்டுவது மெய்யான ஆதாயமே. பணம் கொடுக்குமுன் அந்த மாதிரியின் ‘காம்போ’வும் (தொடுகண்ணாடியோடு சேர்ந்த திரை) பேட்டரியும் பஜாரில் என்ன விலை, மென்பொருள் புதுப்பிப்பு எத்தனை ஆண்டு வரும் என்ற இரண்டையும் கேட்டறிய வேண்டும்.