கேனன்: நாணலிலிருந்து வரன்முறைக்கு

கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ தேநீர்க்கடை வாசலில் நிற்கும் கல்லூரி மாணவர்கள் "அது கேனன் இல்லை" என்று ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்வதைக் கேட்கும் பெரியவர், யாரையோ கேனையன் என்று ஏசுகிறார்கள் போலும் என நினைத்துக்கொள்ளக்கூடும். அவர்கள் பேசுவது, 1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிப் பல தொடர்களாகவும் திரைப்படங்களாகவும் வளர்ந்துள்ள ஸ்டார் ட்ரெக் போன்றதோர் அறிவியல் புனைவைப் பற்றியதாக இருக்கலாம். அத்தகைய கதைகளில் நம் உலகுக்கு இணையாக இன்னோர் உலகம் இருக்கும். ஓரிடத்தில் திசைமாறிப்போன வரலாறு இருக்கும். அங்கே நடந்தவை கதையின் கணக்கில் சேருமா, சேராதா என்பதே வழக்கு. அவ்வழக்கில் எல்லாரும் எடுத்தாளும் சொல் கேனன். அதனாலேயே அதன் பொருள் கொஞ்சம் குழம்பியும் போயிருக்கிறது.

புனைவைப் பற்றிய பேச்சில் கேனன் என்பது, ஒரு கதையுலகில் மெய்யாக நடந்தவை என ஏற்கப்பட்ட நிகழ்ச்சிகள், மாந்தர், செய்திகள் ஆகியவற்றின் தொகுதியைக் குறிக்கும். "கேனனில் இருக்கிறது" என்று பெயராகவும், "கேனன் கதை" என்று அடையாகவும் வழங்கும். கதை நன்றாக உள்ளதா, முன்னுக்குப் பின் முரணின்றி உள்ளதா என்பவை இச்சொல்லின் எல்லைக்குள் வாரா. மோசமாக எழுதப்பட்ட ஓர் அத்தியாயமும் கேனனாக இருக்கலாம். இரசிகர் ஒருவர் எழுதிய அருமையான கதை அவ்வாறு இல்லாமற் போகலாம்.

சொல்லின் வேர் நாணற்புதரில் இருக்கிறது. அக்காதிய மொழியில் கனூ என்றும் எபிரேயத்தில் கானே என்றும் வழங்கிய நாணலின் பெயர், செமித்திய மொழிகளிலிருந்து கிரேக்கத்துக்குச் சென்று கன்னா ஆயிற்று. நாணல் தண்டு நேரானது, வெட்டினால் கோலாகும். ஆதலால் கன்னாவிலிருந்து பிறந்த கானோன் என்ற கிரேக்கச் சொல், தச்சரும் கொத்தரும் நேர் பார்க்கும் சட்டத்தையும் அளவுகோலையும் குறித்து, பின்னர் எதனை வைத்துப் பிறவற்றை அளக்கிறோமோ அந்த விதியையும் நெறியையும் குறிக்கலாயிற்று. நாணலுக்கு இன்னோர் இயல்பும் உண்டு: உள்ளே கூடானது. அந்த இயல்பு லத்தீன் வழியே வேறு திசையில் பெருகி, குழாய், நீர்வழி என்று பொருள்படும் கனாலிஸ் என்ற சொல்லைத் தந்தது. ஆங்கிலத்தில் வாய்க்காலைக் குறிக்கும் கெனால், தொலைக்காட்சிக்கு நாம் அன்றாடம் சொல்லும் சேனல் ஆகிய இரண்டும் அதன் வழிவந்தவை. பீரங்கியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இதே குடும்பம்தான். ஒலி ஒன்று, எழுத்து மட்டும் வேறு. வீட்டுக் கொல்லையில் பூக்கும் கல்வாழைக்குத் தாவரவியலார் சூட்டிய பேரினப் பெயரும் கன்னாவே. ஆக, ஒரு சேனலில் வந்த அத்தியாயம் கேனனா என்று கேட்பவர் ஒரே நாணல் தண்டின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

நெறி என்ற பொருள் நூல்களின் பட்டியல் என்ற பொருளாக மாறியது கிறித்தவத் திருச்சபையில். கி.பி. 367இல் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ் எழுதிய மடல் ஒன்றில், இன்று புதிய ஏற்பாட்டில் உள்ள 27 நூல்களும் ஏற்கத்தக்கவையாக வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. அங்கிருந்து கதைக்கு இச்சொல் தாவியது விளையாட்டாகத்தான். 1911இல், சமயப் பணிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த ரொனால்டு நாக்ஸ் என்ற ஆங்கிலேயர், விவிலிய அறிஞர்களின் ஆராய்ச்சி நடையைக் கிண்டல் செய்யும் வகையில் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வாசித்தார். அதைத் தொடர்ந்து ஹோம்ஸ் இரசிகர்கள், கானன் டாயில் எழுதிய 4 நாவல்களையும் 56 சிறுகதைகளையும் கேனன் என்று வழங்கினர்; ஆசிரியரின் பெயரும் கானன் என்று அமைந்தது வெறும் தற்செயல். தொலைக்காட்சித் தொடர்களின் இரசிகர்கள் அவ்வழக்கைக் கடன்வாங்கிக்கொண்டனர். கிண்டல் உதிர்ந்து சொல் மட்டும் நின்றுவிட்டது.

கேனனுக்குத் தமிழில் எந்தச் சொல்லை இடலாம்? அளவுகோலே நெறியாவது காவிரிப் படுகைக்குப் புதிதன்று. முதலாம் இராசராசன் காலத்தில் சோழநாட்டு நிலங்கள் அளக்கப்பட்டதையும், பதினாறு சாண் கோல், உலகளந்த கோல் என்றெல்லாம் கோல்கள் பெயர்பெற்று வழங்கியதையும் கல்வெட்டுகளால் அறிகிறோம். அரசாட்சியைச் செங்கோல் என்பதும் அதே எண்ணத்தின் இன்னொரு கிளை. ஆயினும் கோல் என்ற சொல்லைக் கதைத் தொகுதிக்கு நேராக இட்டால் யாருக்கும் விளங்காது.

அடுத்து நினைவுக்கு வருவது திருமுறை. நம்பியாண்டார் நம்பி தொகுத்த திருமுறைகளோடு, 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரிய புராணம் பன்னிரண்டாம் திருமுறையாகப் பின்னர் சேர்ந்தது. தொகுதி மூடப்பட்டதுபோல் தோன்றிய பிறகும் திறந்து ஒன்றை ஏற்றுக்கொள்ளும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை. தமிழ்க் கத்தோலிக்கரும் திருமுறை நூல்கள், இணைத் திருமுறை நூல்கள் என்றே எழுதுகின்றனர். பொருளளவில் இச்சொல் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் ஓதுவார் பண்ணோடு பாடும் தேவாரத்துக்கு உரிய பெயரை, விண்கலத் தலைவர்கள் வேற்றுக்கோள்வாசிகளோடு சண்டையிடும் கதைக்குச் சூட்டுவது இரு பக்கத்தாருக்கும் உவப்பாக இராது.

அதிகாரபூர்வம் என்ற சொல்லைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். இது தவறு என்றே சொல்ல வேண்டும். ஸ்டார் ட்ரெக்கின் பெயரில் உரிமம் பெற்று வெளியான நாவல்களும் சித்திரக்கதைகளும் ஏராளம். அவை எல்லாம் அதிகாரபூர்வமானவை, ஆனால் அவற்றில் நடப்பவை கேனனாகக் கொள்ளப்படுவதில்லை. மூலக்கதை என்பதும் பொருந்தாது, ஏனெனில் மூலம் 1966இல் வந்ததென்றால், 2020இல் வந்த தொடரும் கேனன்தானே?

நான் முன்வைக்கும் சொல் வரன்முறை. வரல், முறை என்னும் இரு சொற்கள் புணர்ந்து, வழிவழியாக வரும் ஒழுங்கு என்று பொருள்படுவது, சிலப்பதிகாரத்திலேயே ஆளப்பட்டது. ஆனால் நான் இதைத் தேர்வதற்குக் காரணம் பழமையன்று, இன்றைய வழக்கு. தற்காலிகமாகச் சேர்ந்த ஊழியரின் வேலை நிலைப்படுத்தப்படுவதைப் பணிவரன்முறை என்கிறோம். வயலைத் திருத்தி ஒப்புதலின்றிப் போட்ட மனைப்பிரிவு, பின்னாளில் கட்டணம் செலுத்தி வரன்முறைப்படுத்தப்படுவதைத் தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் அறியாதவர் இலர். முன்பு கணக்கில் இல்லாத ஒன்று ஏற்கப்பட்டுக் கணக்குக்குள் வருகிறது என்னும் பொருள் அச்சொல்லில் ஏற்கெனவே குடியேறிவிட்டது; கேனனின் நடைமுறையும் அதுதான்.

ஒரு சான்று போதும். ஸ்டார் ட்ரெக்கின் விண்கலத் தலைவரான கேப்டன் ஜேம்ஸ் டி. கர்க்கின் பெயரில் உள்ள டி என்பது டைபீரியஸ் என்று முதலில் தெரிவித்தது, 1973–74இல் ஒளிபரப்பான அசைவூட்டத் தொடர். அத்தொடர் கேனனில் சேருமா என்பது நெடுங்காலம் சச்சரவாக இருந்தது. எனினும் 1991இல் வெளியான ஆறாவது திரைப்படத்தில் அந்தப் பெயர் உச்சரிக்கப்பட்டதும், தொடர் எங்கே நின்றாலும் பெயர் உள்ளே வந்துவிட்டது. மனை நின்ற இடத்திலேயே நின்றது, பட்டியல் மாறியது.

வரன்முறைப்படுத்துதலோடு குழப்பக்கூடாத இன்னொரு சொல் ரெட்கான். முன்பு சொன்ன கதையின் பொருளைப் பின்னால் வரும் கதை மாற்றிவிடுவதே அது. 1983இல் ஓர் அமெரிக்கச் சித்திரக்கதை இதழின் வாசகர் பகுதியில் இடம்பெற்ற ரெட்ரோஆக்டிவ் கன்டினியூட்டி என்ற நீண்ட சொற்றொடர், பின்னர் இவ்வாறு சுருங்கியது. பின்திருத்தம் என்று சொன்னால் போதும்.

இனி, மாற்றுலகச் சச்சரவுக்கு வருவோம். இரசிகர்கள் இரண்டு கேள்விகளை ஒரே சொல்லால் கேட்கிறார்கள் என்பதே அங்குள்ள சிக்கல். ஒரு நிகழ்ச்சி ஏற்கப்பட்டதா என்பது முதற்கேள்வி. அது வரன்முறையைப் பற்றியது. ஏற்கப்பட்ட நிகழ்ச்சி எந்த உலகில், எந்தக் காலவோட்டத்தில் நடந்தது என்பது இரண்டாம் கேள்வி. அது தொடர்ச்சியைப் பற்றியது. 1967இல் ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தில் கர்க், தம் கப்பலின் கொடுங்கோன்மைப் படிவம் ஒன்று பறக்கும் இணையுலகுக்குள் சிக்கிக்கொள்கிறார். அந்த உலகில் நடந்தவை நம் கர்க்கின் வாழ்க்கைத் தொடர்ச்சியைச் சேர்ந்தவை அல்ல. ஆனால் அப்படியோர் உலகம் உண்டு என்பது முழுக்க முழுக்க வரன்முறை. "மாற்றுலகம்தானே, கேனன் இல்லை" என்பவர் இரண்டாம் கேள்விக்கான விடையை முதற்கேள்விக்குச் சொல்லிவிடுகிறார்.

2009இல் வந்த ஸ்டார் ட்ரெக் திரைப்படம் இந்தக் குழப்பத்தைப் பெரிதாக்கியது. 2387ஆம் ஆண்டிலிருந்து 2233க்குப் பின்னோக்கி வந்த, ரோமுலர் என்னும் வேற்றுக்கோள் இனத்தாரின் கப்பலொன்று கெல்வின் என்னும் கலத்தைத் தாக்கியழிக்க, அக்கணத்திலிருந்து வரலாறு வேறு வழியில் செல்கிறது. அதில் வல்கன் கோளே அழிந்துபோகிறது. பழைய தொடர்கள் எல்லாம் துடைத்தெறியப்பட்டன என்று பதறியோர் பலர். கல்லணையில் காவிரியிலிருந்து வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் பிரிகின்றன, தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு பிரிகிறது. வெட்டாறு பிரிந்ததால் வெண்ணாறு இல்லையென்று அவ்வூரார் எவரும் சொல்லார். 2020இல் தொடங்கிய தொடர் பழைய காலவோட்டத்தையே தொடர்ந்து, 2387இல் ரோமுலரின் கோள் அழிந்த பேரழிவை அதன் வரலாற்றிலேயே வைத்துப் பேசியதால், இரண்டு ஓட்டங்களும் உண்டென்பது ஐயமற நிலைபெற்றது. இவ்வகையைக் கிளைக்காலம் எனலாம். 1967இன் உலகம் தனியாக முன்பே இருந்ததாகக் காட்டப்படுவதால் அதற்கு இணையுலகம் என்பதே பொருந்தும்.

இவ்விரண்டுக்கும் அடங்காத மூன்றாம் வகை உண்டு, அதுதான் எனக்கு மிகச் சுவையானது. 1990இல் வந்த ஓர் அத்தியாயத்தில், 2344இல் அழிந்திருக்க வேண்டிய பழைய எண்டர்பிரைஸ் கப்பலொன்று இருபத்திரண்டு ஆண்டுகள் முன்னே வந்துவிட, நடப்புக் காலமே போர்க்காலமாக மாறிப்போகிறது. முன்பே இறந்துவிட்டவரான டாஷா யார் என்னும் பெண் அதிகாரி அங்கே உயிரோடு இருக்கிறார். பழைய கப்பல் தன் காலத்துக்குத் திரும்பியதும் எல்லாம் சரியாகி, அந்தப் போர்க்காலம் நடவாததாகிவிடுகிறது. ஆனால் டாஷா அக்கப்பலோடு பின்னே சென்றுவிட்டார்; அவர் மகள் சீலா 1991இல், மாறாத முதன்மைக் காலவோட்டத்திலேயே ரோமுலன் படைத்தலைவியாக எதிரே வந்து நிற்கிறாள். இல்லாமற்போன காலத்தில் வாழ்ந்தவளுக்கு இருக்கின்ற காலத்தில் மகள்! இதை இணையுலகம் என்றும் சொல்ல முடியாது, கிளைக்காலம் என்றும் சொல்ல முடியாது. அழிகாலம் என்று வைத்துக்கொள்ளலாம்: வரன்முறையில் உண்டு, தொடர்ச்சியில் இல்லை, ஆயினும் அதன் எச்சம் தொடர்ச்சிக்குள் நடமாடுகிறது. கேனன் என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு சீலாவைப் பற்றி ஒரு வாக்கியம்கூட ஒழுங்காக எழுத முடியாது.

வெவ்வேறு தொடர்ச்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஏற்பது தமிழ் வாசகருக்குப் பழக்கமானதே. வான்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். தேரழுந்தூர்க் கம்பரோ அவளைத் தொடாமல் தரையோடும் குடிலோடும் பெயர்த்தெடுத்ததாகப் பாடினார். இரண்டையும் அறிந்தவர் ஒன்றைப் பொய்யென்று தள்ளுவதில்லை, ஒன்றின் நிகழ்ச்சியை மற்றொன்றில் கலப்பதும் இல்லை.

வரன்முறை என்று ஒன்றை யாரும் அறிவிக்காத தொடரும் உண்டு. 1963இல் தொடங்கிய டாக்டர் ஹூவுக்குப் பிபிசி நிறுவனம் அத்தகைய பட்டியல் எதையும் வகுத்ததில்லை. அட்லாண்டிஸ் நகரின் அழிவுக்கு 1967, 1971, 1972 ஆகிய ஆண்டுகளின் கதைகள் ஒன்றோடொன்று ஒட்டாத விளக்கங்களைத் தருகின்றன. அங்கே இரசிகர் ஒவ்வொருவரும் தமக்கென ஒன்றை வைத்துக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கு ஹெட்கேனன் என்று பெயர். தலைக்கேனன் என்று பெயர்த்தால் தலைமையான கேனன் என்று நேரெதிர்ப் பொருள் வந்துவிடும். துணிபு என்று சொல்லலாம். "அட்லாண்டிஸ் மூன்று முறை அழிந்தது என்பது என் துணிபு" என்று ஒருவர் சொன்னால், மற்றவர் அதை மறுக்க வரன்முறையைத் தேடிப் போக வேண்டிய அவசியமில்லை.