நாலாம் வகுப்பு நடத்திய ஐந்தாம் வகுப்புத் தேர்தல்

"டீச்சர், யாருக்கு ஓட்டுப் போட்டீங்கன்னு கேட்டா எங்கம்மா சொல்லவே மாட்டேங்கிறாங்க. ஏதாவது தப்புப் பண்ணிட்டாங்களா?"

தேர்தல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் இப்படிக் கேட்டான். மறைப்பது என்றாலே தப்பு செய்ததைத்தான் மறைப்பார்கள் என்று அந்த வயதில் தோன்றுவது இயல்பு. விரல் மை, வரிசை, ஒலிபெருக்கி, தங்கள் வகுப்பறையே வாக்குச்சாவடியாக மாறுவது எல்லாம் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அட்டை மறைப்புக்குப் பின்னால் நடப்பது எதற்காக என்பது மட்டும் தெரியாது. அதை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தருவதும் இல்லை.

சரி, செய்து பார்த்தால் புரியும் என்று அந்த ஆண்டு வகுப்புத் தலைவர் தேர்தல் வைத்தேன். அது முழுக்கத் தவறாகப் போயிற்று. ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் பெயர் எழுதச் சொன்னேன். எண்ணும்போது, "இது அவ எழுத்துதான்" என்று பிள்ளைகள் ஒவ்வொரு சீட்டையும் அடையாளம் சொல்லிவிட்டார்கள். ரகசியம் அங்கேயே போயிற்று. இருந்த பிள்ளைகள் 29, வந்த சீட்டுகளோ 30. முதலாவதாக வந்தவனுக்கு நிறைய வாக்குகள் என்பதால், ஒரு சீட்டுதானே என்று விட்டுவிட்டேன். தோற்ற பெண் ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. தோற்றதற்காக அல்ல, ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்துத்தான் அழுதாள் என்று அவளுடைய அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அந்த ஒரு சீட்டை நான் விட்டிருக்கவே கூடாது.

அப்புறம்தான் எங்கள் தேர்தல் பணியே நினைவுக்கு வந்தது. சட்டமன்றத் தேர்தலானாலும் நாடாளுமன்றத் தேர்தலானாலும், வேலை பார்க்கும் சட்டமன்றத் தொகுதியிலேயே ஆசிரியர்களுக்குப் பொதுவாக வாக்குச்சாவடிப் பணி தரமாட்டார்கள். முன்பின் தெரியாத ஊருக்கு அனுப்புவார்கள். பை தூக்கிக்கொண்டு அலையும்போது சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஊரில் யார் ஜெயித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை என்பதால்தான் என்னை நம்பி வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கொடுக்கிறார்கள். என் வகுப்பில் இருந்த கோளாறும் இதுதான். போட்டியிட்டவர்கள், அவர்களின் நண்பர்கள், பட்டியலைச் சரிபார்த்தவர்கள், எண்ணியவர்கள் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்காருபவர்கள்.

மறு ஆண்டு நாலாம் வகுப்பு ஆசிரியையிடம் பேசினேன். ஐந்தாம் வகுப்புத் தேர்தலை நாலாம் வகுப்பு நடத்தும். அடுத்த வாரம் நாலாம் வகுப்புக்கு ஐந்தாம் வகுப்பு நடத்தும். இந்த ஒரு மாற்றம் போதுமானதாக இருந்தது.

முதல் வேலை வாக்காளர் பட்டியல். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் எங்கள் வகுப்புக்கு வந்து பெயர்களை எழுதிப் போய்க் கதவில் ஒட்டினார்கள். நடுவில் வந்து சேர்ந்த வெளிமாவட்டப் பெண் ஒருத்தியின் பெயர் அதில் இல்லை. அவள் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவள்தான் சொன்னாள். 1951-52இல் நடந்த நாட்டின் முதல் பொதுத் தேர்தலைப் பற்றி அன்று சொன்னேன். இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் சொல்லித் தங்கள் பெயரைச் சொல்லாமல் விட்டதால், ஏறக்குறைய 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இடம்பெறாமல் போனார்கள். சொந்தப் பெயரோடுதான் பதிய வேண்டும் என்பதில் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக இருந்தார். கதை முடிந்ததும் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் அந்தப் பெண்ணிடம் போய், தலைப்பெழுத்தோடு பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

எழுத்து அடையாளம் தெரியாமலிருக்கச் சின்னங்கள் வைத்தோம். தெரிந்த கட்சிகளின் சின்னங்கள் வேண்டாம் என்று தவளை, வெண்டைக்காய், சீப்பு என்று பிள்ளைகளே வரைந்தார்கள். இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். கட்சிப் பெயரோ தலைவர் பெயரோ வகுப்புக்குள் வரக்கூடாது. "உங்க வீட்ல யாருக்கு ஓட்டு?" என்று விளையாட்டாகக்கூடக் கேட்கக்கூடாது.

பிரச்சாரத்தின்போது ஒரு வேட்பாளர் மிட்டாய் கொடுத்தான். பிடித்துத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால், வீட்டில் பணம் வாங்கியதைப் பார்த்திருக்கும் பிள்ளைகள் தலைகுனிந்திருப்பார்கள். பெற்றவர்களை வகுப்பில் குற்றவாளி ஆக்குவது நம் வேலை அல்ல. "மிட்டாய் வாங்கினவங்க கட்டாயம் அவனுக்குத்தான் போடணுமா?" என்று மட்டும் கேட்டேன். நெடுநேரம் பேச்சு ஓடியது. "உள்ள போனா யாருக்கும் தெரியாதே, நம்ம இஷ்டம்தானே!" என்றாள் ஒருத்தி. அம்மா ஏன் சொல்ல மாட்டேன் என்கிறாள் என்பதற்கு அன்றுதான் விடை கிடைத்தது.

தேர்தல் அன்று காலியான அட்டைப்பெட்டியை எல்லோரிடமும் காட்டிவிட்டு ஒட்டினார்கள். ஒருத்தி பெயரைப் பார்த்தாள், ஒருவன் கையெழுத்து வாங்கினான், இன்னொருவன் விரலில் மை வைத்தான். வாக்காளர்கள் 26 பேர், 26 கையெழுத்து. எண்ணினால் 25 சீட்டுகள்தான் இருந்தன. தவளைக்கு 11, சீப்புக்கு 10, வெண்டைக்காய்க்கு 4.

மணி அடிக்கப் பத்து நிமிடம்தான் இருந்தது. முடிவைச் சொல்லிவிடலாம் என்றே எனக்குத் தோன்றியது. நாலாம் வகுப்புப் பிள்ளைகள் விடவில்லை. "ஒண்ணு குறையுது டீச்சர். அது சீப்புக்கு விழுந்திருந்தா சமம் ஆயிடும்." தேடினார்கள். ஒரு பையன் தயங்கித் தயங்கிச் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்தான். யாருக்குப் போடுவது என்று தெரியாமல் பயந்து வைத்துக்கொண்டானாம். இப்போது போடச் சொல்லலாமா? கூடாது என்றார்கள். எண்ணிக்கை தெரிந்துவிட்டது, இனி அவன் மட்டும் தனியாக முடிவு செய்கிற மாதிரி ஆகிவிடும் என்றார்கள். ஒன்பது வயதுப் பிள்ளைகள் அவர்களாகவே கண்டுபிடித்த நியாயம் இது. மறுநாள் மறு வாக்குப்பதிவு.

அன்று மாலை அவர்களுக்குக் காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள உத்திரமேரூர் கல்வெட்டுகளைப் பற்றிச் சொன்னேன். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டியவை. ஊரின் 30 குடும்புகளிலிருந்து, அதாவது வார்டுகளிலிருந்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, வாரியம் எனப்பட்ட ஊர்க் குழுக்களுக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். நிலமும் வீடும் உள்ள ஆண்கள் மட்டுமே அதில் நிற்க முடிந்தது என்பதையும், அது வாக்களிப்பு அல்ல, குலுக்கல் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெருமைக்காக இதை மறைத்தால் பிள்ளைகள் தப்பாகக் கற்றுக்கொள்வார்கள். ஆனால் ஒரு செய்தி அவர்களை உலுக்கிவிட்டது. குடத்திலிருந்து ஓலை எடுப்பவன் விவரம் அறியாத ஒரு சிறுவன். அதை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலை ஒளித்திருக்கக் கூடாதல்லவா! வாங்கியதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். அப்புறம் அங்கிருக்கும் நம்பிமார், அதாவது கோயில் பூசாரிகள், எல்லோரும் படிக்க வேண்டும்.

மறுநாள் எண்ணிக்கையில் நாலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, நான் சொல்லாமலே, விரல்களை விரித்து உள்ளங்கையில் ஒவ்வொரு சீட்டாக வாங்கினாள். சத்தமாகப் படித்துத் தவளைப் பையனிடம் காட்டினாள், சீப்புப் பெண்ணிடம் காட்டினாள். 26 சீட்டுகளுக்கும் அப்படியே. சீப்பு இரண்டு வாக்குகளில் தோற்றது. அந்தப் பெண் தன் கையிலிருந்த தாளில் போட்ட கோடுகளை இன்னொரு முறை எண்ணிப் பார்த்தாள். பிறகு, "சரியா இருக்கு டீச்சர்" என்று சொல்லித் தாளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.