பத்துக்குப் பத்து வாங்கிய கேமை நம்பலாமா?

தள்ளுபடி விற்பனை தொடங்கியதும் ஒரு கல்லூரி மாணவர் கேள்வி அனுப்பியிருந்தார். கம்ப்யூட்டர் கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடையில் இரண்டு கேம்களைப் பார்த்து வைத்திருக்கிறார். கையில் ஒன்றுக்குத்தான் காசு. முதல் கேமுக்கு 10 பேர் ரிவ்யூ எழுதியிருக்கிறார்கள், 10 பேருக்கும் பிடித்திருக்கிறது. இரண்டாவதற்கு 100 பேர் எழுதியதில் 90 பேருக்குப் பிடித்திருக்கிறது. "100 சதவீதத்தை வாங்குவதா, 90 சதவீதத்தை வாங்குவதா? இந்த ரிவ்யூக்களை முதலில் நம்பலாமா சார்?"

நம்பலாமா என்றதும் எல்லாருக்கும் தோன்றுவது, காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறார்களே என்ற சந்தேகம்தான். அதற்குக் காரணம் உண்டு. 'ஷேடோ ஆஃப் மோர்டோர்' கேமைப் பாராட்டச் சொல்லி வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் யூடியூப் பிரபலங்களுக்குப் பணம் கொடுத்தது. அது காசு வாங்கிச் செய்த விளம்பரம் என்ற தகவல், வீடியோவுக்குக் கீழே உள்ள குறிப்பை விரித்துப் பார்த்தால்தான் கண்ணில் படும் இடத்தில் இருந்தது. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2016இல் இதன்மீது நடவடிக்கை எடுத்தது. 2024இல் போலி ரிவ்யூக்களையே தடை செய்து விதி கொண்டுவந்தது. நம் நாட்டிலும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் ஆன்லைன் ரிவ்யூக்களுக்கென்று ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. ஆனால் அது கட்டாயம் இல்லை, விருப்பப்பட்ட நிறுவனம் பின்பற்றலாம். கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து.

மோசடியைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். எழுதிய எல்லாரும் உண்மையையே எழுதியிருந்தாலும் அந்த எண் நம்மைத் தவறாக வழிநடத்த முடியும். அது எப்படி என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

10க்கு 10 வாங்கிய கேமை எடுத்துக்கொள்வோம். அதை உலகத்தில் எல்லாரும் ஆடினால் எத்தனை சதவீதம் பேருக்குப் பிடிக்கும்? அந்த உண்மையான சதவீதம் யாருக்கும் தெரியாது. நமக்குக் கிடைத்திருப்பது 10 பேர் கொண்ட ஒரு மாதிரி. மாதிரி என்றால் பிழை இருக்கும். பள்ளிக்கூடத்தில் படித்த திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) நினைவிருந்தால் பிழையைக் கணக்கிடும் பழைய வழி எளிது. பிடித்தவர்களின் விகிதத்தையும் பிடிக்காதவர்களின் விகிதத்தையும் பெருக்கி, ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அதை ஏறக்குறைய 2ஆல் பெருக்கினால் பிழை இவ்வளவு என்று தெரியும். இதை நம் கேமுக்குப் போட்டுப் பாருங்கள். பிடித்தவர்கள் 1, பிடிக்காதவர்கள் 0. பெருக்கினால் 0. பிழையும் 0. அதாவது 10 பேரை மட்டும் கேட்டுவிட்டு, உலகத்தில் ஒருவருக்குக்கூட இந்தக் கேம் பிடிக்காமல் போகாது என்று அந்தச் சூத்திரம் சத்தியம் செய்கிறது! ஒரே ஒருவரைக் கேட்டிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும்.

எட்வின் வில்சன் என்ற ஹார்வர்டு பேராசிரியர் 1927இல் இந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டார். கிடைத்த மாதிரியிலிருந்து பிழையைக் கணக்கிடாதீர்கள். உண்மையான சதவீதம் இவ்வளவு என்று ஒன்றை ஊகித்துக்கொள்ளுங்கள். அது உண்மையானால் கையில் இருக்கும் இந்த முடிவு வர எவ்வளவு வாய்ப்பு என்று பாருங்கள். அப்புறம் ஊகத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள்.

பேப்பரில் நாமே போடலாம். உண்மையில் 90 சதவீதம் பேருக்குப் பிடிக்கும் கேம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்து 10 பேரும் பிடித்திருக்கிறது என்று சொல்ல வாய்ப்பு, 0.9ஐப் பத்து முறை பெருக்கினால் வருவது, சுமார் 35 சதவீதம். தாராளமாக நடக்கலாம். 80 சதவீதம் பேருக்குப் பிடிக்கும் கேம் என்றால்? சுமார் 11 சதவீதம். அதுவும் நடக்கக்கூடியதே. 70 சதவீதம் என்றால் 3 சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது. பாதிப் பேருக்கு மட்டும் பிடிக்கும் கேம் என்றால் 1024இல் ஒரு வாய்ப்பு, அதை மறந்துவிடலாம். ஆக, 10க்கு 10 என்ற முடிவை 70ஐ ஒட்டிய எங்கோ ஓரிடத்திலிருந்து 100 வரை எந்தக் கேமும் வாங்கியிருக்க முடியும். வில்சனின் சூத்திரம் அந்தக் கீழ் எல்லையை 72 என்று சொல்கிறது.

இரண்டாவது கேமுக்கு, 100க்கு 90க்கு, அதே சூத்திரத்தைப் போட்டால் கீழ் எல்லை 83. வெறும் 83 சதவீதம் பேருக்குப் பிடிக்கும் கேமாக இருந்தால் 100 பேரில் சராசரியாக 83 பேர்தான் ஆமாம் சொல்வார்கள். அதிர்ஷ்டத்தால் அது 90 வரை ஏறுவது கிட்டத்தட்ட இரண்டு திட்ட விலக்கத் தூரம். அதற்கு மேல் இழுத்தால் நம்ப முடியாது. ஆகவே எது குறைந்தபட்சம் நல்ல கேம் என்று கேட்டால், 90 வாங்கியதுதான். மாணவருக்கு நான் எழுதிய பதிலும் இதுதான். 1000க்கு 900 என்றால் எல்லை 88க்கு ஏறும். சதவீதம் மாறவே இல்லை, அதே 90தான். நம் நம்பிக்கைதான் ஏறுகிறது.

எல்லாரும் ஆமாம் சொன்ன கேம்களுக்கு இந்தச் சூத்திரம் சுருங்கி அத்தனை அழகாகிவிடுகிறது. ரிவ்யூக்களின் எண்ணிக்கையை, அந்த எண்ணிக்கையுடன் 3.84ஐக் (முன்பு சொன்ன 'ஏறக்குறைய 2'இன் வர்க்கம்) கூட்டி வருவதால் வகுத்தால் போதும். மனக்கணக்குக்கு 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். 4க்கு 4 என்றால் 8இல் 4, அதாவது பாதி. 50க்கு 50 என்றால் 54இல் 50, அதாவது 93. போனைப் பார்த்தபடி பஸ்ஸிலேயே போட்டுவிடலாம். ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முந்தைய இந்தக் கணக்கை வைத்துத்தான் ரெட்டிட் விவாதத் தளம் 2009இல் 'சிறந்தவை' என்று கருத்துகளை வரிசைப்படுத்தத் தொடங்கியது.

சராசரி மதிப்பெண்ணுக்கும் இதே நியாயம்தான். மெட்டாகிரிட்டிக் தளம் விமர்சகர்களின் மதிப்பெண்களைத் திரட்டி 100க்கு ஒரே எண்ணாகத் தருகிறது. 2010இல் வெளியான 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' கேமை உருவாக்கிய அப்சிடியன் நிறுவனத்துக்கு 85 வந்தால் ஊக்கத்தொகை என்று ஒப்பந்தம். வந்தது 84. தொகை கிடைக்கவில்லை என்பதை அதை உருவாக்கியவர்களில் ஒருவரே 2012இல் வெளியே சொன்னார். 50 விமர்சகர்கள் எழுதுகிறார்கள், அவர்கள் மதிப்பெண்களின் திட்ட விலக்கம் 8 புள்ளி என்று வைத்துக்கொண்டால், சராசரியின் பிழையே 1 புள்ளிக்கு மேல். இன்னொரு 50 பேர் எழுதியிருந்தால் அதே கேம் 83உம் வாங்கியிருக்கும், 85உம் வாங்கியிருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு போட்டு மனிதர்களின் உழைப்புக்கு விலை வைத்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, வில்சன் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டாரா? இல்லை. அவர் கணக்குக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். பானை முழுவதும் ஒரே சீராக வெந்திருந்தால்தான் அது சரி. மேலே வெந்து அடியில் அரிசியாகக் கிடந்தால், மேலிருந்து எத்தனை பருக்கை எடுத்து நசுக்கிப் பார்த்தாலும் பயன் இல்லை.

'சைபர்பங்க் 2077' அப்படித்தான் ஆயிற்று. 2020 டிசம்பர் 10 வெளியீடு. சில நாள் முன்னதாகவே விமர்சனங்கள் வந்துவிட்டன, மதிப்பெண்கள் 90ஐ ஒட்டி இருந்தன. அந்த விமர்சகர்களுக்குக் கொடுக்கப்பட்டது கம்ப்யூட்டர் பதிப்பு மட்டும். சோனியின் பழைய கேம் பெட்டியான பிளேஸ்டேஷன் 4இல் அது எப்படி ஓடும் என்று அவர்களால் பார்த்திருக்கவே முடியாது. அங்கே உருவங்கள் மங்கின, படம் திக்கியது, கேம் பாதியில் நின்றது. வெளியாகி ஒரு வாரம் சுமாருக்குள் சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 90 என்று எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் ஆடியது வேறு, பிளேஸ்டேஷன் 4 வைத்திருந்தவர் வாங்கியது வேறு.

நிபந்தனையில் இன்னொரு பகுதியும் இருக்கிறது. ஒருவர் சொல்வது அடுத்தவர் சொல்வதைப் பாதிக்கக் கூடாது. லெவ் முக்னிக், சினான் ஆரல், ஷான் டெய்லர் ஆகிய ஆய்வாளர்கள் இதை ஒரு செய்திப் பகிர்வுத் தளத்தில் சோதித்து 2013இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். 5 மாதம், 1,01,281 கருத்துகள். அவற்றில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, பதிவான உடனே ஆய்வாளர்களே ஒரு 'லைக்' போட்டார்கள். ஒன்றே ஒன்று. அதைப் பார்த்த அடுத்த ஆள் லைக் போடும் வாய்ப்பு 32 சதவீதம் கூடியது. 5 மாதம் கழித்து அந்தக் கருத்துகளின் மதிப்பு சராசரியாக 25 சதவீதம் அதிகமாக நின்றது. பொய்யாகப் போட்ட 'டிஸ்லைக்' மட்டும் நிலைக்கவில்லை, பின்னால் வந்தவர்கள் அதைச் சரி செய்துவிட்டார்கள். பாராட்டுக்கு மந்தை சேர்கிறது, திட்டுக்கு அப்படிச் சேரவில்லை. முதல் நாளில் நண்பர்கள் போடும் நாலு நல்ல ரிவ்யூ எவ்வளவு தூரம் இழுத்துப் போகும் என்று நினைத்துப் பாருங்கள்.

யார் வாய் திறக்கிறார்கள் என்பதும் குலுக்கலில் முடிவாவதில்லை. ரொம்பப் பிடித்தவரும் ரொம்பக் கோபப்பட்டவரும் எழுதுவார்கள். சுமாராக இருந்தது என்று நினைத்தவர் அடுத்த கேமுக்குப் போய்விடுவார். ஜோசியம் செழிப்பதும் இதனால்தான். ராசிக்கல் போட்டு வேலை கிடைத்தவர் டிவியில் வந்து பேசுகிறார். அதே கல்லைப் போட்டு வேலை கிடைக்காதவரை யாரும் மைக் கொடுத்துக் கேட்பதில்லை. ஒரு கேமுக்குச் சில நூறு ரூபாய் போனால் போகட்டும், மருந்தை நிறுத்திவிட்டுக் கல்லை நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். பிளஸ் டூ புள்ளியியல் பாடத்தில் நிகழ்தகவுச் சூத்திரங்களோடு இந்த ஒரு விஷயத்தையும் நன்றாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கோபப்பட்டவர்கள் கூட்டமாக வந்தால் எண் என்னாகும்? 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' 2020 ஜூன் 19இல் வந்தது. ஆடி முடிக்கச் சுமார் 25 மணி நேரம் ஆகும். வந்த அன்றைக்கே மெட்டாகிரிட்டிக்கில் ஆயிரக்கணக்கில் 0 மதிப்பெண் விழுந்தது. விமர்சகர்களிடம் 90க்கு மேல் வாங்கிய கேம், மக்களிடம் முதல் சில நாட்களில் 10க்கு 4 கூட வாங்கவில்லை. கதை முன்பே கசிந்திருந்தது, அதைப் பிடிக்காதவர்கள் ஆடாமலே வந்து போட்டார்கள். அடுத்த மாதமே அந்தத் தளம், வெளியாகி 36 மணி நேரம் கழித்துத்தான் மக்கள் மதிப்பெண் போடலாம் என்று விதியை மாற்றியது.

ஆனால் கூட்டமாக வந்த எல்லாக் கோபத்தையும் தள்ளிவிட முடியாது. 2024 மே மாதம் 'ஹெல்டைவர்ஸ் 2' கேமுக்கு ஒரு வாரக் கடைசியில் 2 லட்சத்துக்கும் மேல் எதிர்மறை ரிவ்யூக்கள் குவிந்தன. கேமில் ஒன்றும் மாறவில்லை. ஸ்டீமில் வாங்கி ஆடுகிறவர்களும் இனி பிளேஸ்டேஷன் கணக்கை இணைக்க வேண்டும் என்று சோனி சொல்லியிருந்தது. பிலிப்பைன்ஸ், எஸ்தோனியா போன்ற பல நாடுகளில் அப்போது அந்தக் கணக்கே தொடங்க முடியவில்லை. அங்கே காசு கொடுத்து வாங்கியவருக்கு இதைவிட முக்கியமான குறை வேறு என்ன இருக்கும்? சில நாட்களில் சோனி அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. அந்த ரிவ்யூக்கள் கேமைப் பற்றியவை அல்ல என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஸ்டீம் 2017இல் ஒரு நல்ல வேலை செய்தது. ஒற்றை எண்ணோடு நிறுத்தாமல், எந்த மாதம் எத்தனை நல்லது, எத்தனை கெட்டது என்று காட்டும் வரைபடத்தையும் வைத்தது. வாங்குவதற்கு முன் அதைப் பாருங்கள். நீலப் பட்டைகளுக்கு நடுவே ஒரே ஓர் இடத்தில் சிவப்பு நெட்டுக்குத்தாக இறங்கியிருந்தால் அப்போது ஏதோ தகராறு, என்னவென்று தேடிப் படியுங்கள். சிவப்பு மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடினால் கேமே கெட்டுக்கொண்டு வருகிறது. இந்த ரிவ்யூத் தரவையெல்லாம் ஸ்டீம் பொதுவில் திறந்தே வைத்திருக்கிறது, தேதி, ஆடிய நேரம் எல்லாவற்றோடும். ஒரு சாதாரண லேப்டாப் இருந்தால் நம் கல்லூரி மாணவர்கள் இதில் உருப்படியான ஆராய்ச்சி செய்யலாம். பெரிய கருவி வாங்கக் கோடிக்கணக்கில் ஒதுக்கும் நாம், இப்படிப்பட்ட வேலைக்கு ஒரு மாணவருக்குச் சில ஆயிரம் ரூபாய் உதவித்தொகை கொடுத்தால் எவ்வளவோ கிடைக்கும்.

ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் மேலே எழுதியவர் ஆடிய நேரம் இருக்கும். எதிர்மறை ரிவ்யூக்களில் 40, 50 மணி நேரம் ஆடியவர்கள் எழுதியதை முதலில் படிப்பேன். அவர்களுக்குக் கேமின் உள்ளும் புறமும் தெரியும், குறையைப் பெயர் சொல்லிச் சொல்வார்கள். அந்தக் குறை என்னைப் பாதிக்குமா என்று நானே முடிவு செய்யலாம். கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையல் வழியே சொல்லும் 'வெண்பா' கேமை எடுத்துக்கொள்ளுங்கள். டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது, அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு முதல் படைப்புக்குத் தரும் அறிமுகக் கேம் விருதை வாங்கியது. சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். விலைக்கு நீளம் போதவில்லை என்று ஒருவர் வருத்தப்பட்டு எழுதினால் அவர் சொல்வது உண்மை. புட்டு அவிப்பதைத் திரையில் பார்த்து அம்மாவுக்குப் போன் போட்டவர் சொல்வதும் உண்மை. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். நீளமான கேம்களுக்கு அந்த 2 மணி நேரத்தைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். வெண்பா மாதிரிக் குட்டிக் கேமை முழுக்க ஆடி ரசித்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள், அந்தக் கேமை உருவாக்கியவர்கள் ஒரு சின்னக் குழுதான்.