பல்லவி வரும் முன்பே பாட்டு தெரிவது எப்படி?

1982இல் வெளிவந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’வைப் பல வருஷமாகக் கேட்காதவர்கூட, அந்தக் கிதார் எங்கேயாவது ஒலித்ததும் நிமிர்ந்துவிடுவார். எஸ்.பி.பி. இன்னும் பாடத் தொடங்கியிருக்க மாட்டார். அப்படியானால் மூளை எதைப் பிடித்துக்கொண்டு பாட்டைக் கண்டுபிடிக்கிறது?

1999இல் உளவியலாளர் கிளென் ஷெல்லன்பர்க் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதில் எனக்கு மிகவும் பிடித்தது. பிரபலமான பாப் பாடல்களிலிருந்து வெறும் 0.1 நொடித் துண்டுகளை வெட்டியெடுத்து, பாட்டுப் பெயர்களைக் கொடுத்து, எந்தத் துண்டு எந்தப் பாட்டு என்று கேட்டார்கள். அவ்வளவு சின்ன நேரத்தில் மெட்டும் கிடையாது, தாளமும் கிடையாது. ஆனாலும் குருட்டாம்போக்கில் சொன்னால் கிடைப்பதைவிட அதிகமான சரியான விடைகள் வந்தன. அதே துண்டைத் தலைகீழாக ஓட்டியதும் அந்தத் திறமை போய்விட்டது. உயர் அதிர்வெண்களை, அதாவது கீச்சென்ற ஒலிப்பகுதியை, நீக்கினாலும் அதே கதைதான். தாழ்ந்த அதிர்வெண்களை நீக்கியபோது ஒன்றும் ஆகவில்லை.

காரணம், ஒலி பிறக்கும் கணத்தில் இருக்கிறது. கிதார் கம்பியை மீட்டியதும் பல அதிர்வெண்கள் ஒன்றாக எழுகின்றன. உயர்ந்தவை சட்டென்று அடங்க, தாழ்ந்தவை நின்று ஒலிக்கின்றன. எந்தக் கருவி, எப்படி மீட்டினார்கள், எந்த அறையில் பதிந்தார்கள் என்பதெல்லாம் இந்த எழுச்சியிலும் அடக்கத்திலும் கலந்திருக்கும். தலைகீழாக ஓட்டினால் அதிர்வெண்கள் அப்படியே இருக்கும், வரிசை மட்டும் குலைந்துவிடும். மூளைக்கு அந்த வரிசைதான் வேண்டும்.

ஆக, நாம் மனதில் வைத்திருப்பது மெட்டை மட்டுமல்ல, அந்த ஒலிப்பதிவையே. 1994இல் உளவியலாளர் டேனியல் லெவிட்டின், மாணவர்களை அவர்களுக்குப் பிடித்த பாப் பாட்டை நினைவிலிருந்து பாடச் சொன்னார். இரண்டு முயற்சியில் ஒன்றிலாவது அசல் சுருதியை அப்படியே பிடித்தவர்கள் 40 சதவீதம். வேகத்திலும் பெரும்பாலானோர் அசலுக்கு 8 சதவீதத்துக்குள் இருந்தார்கள்.

பழைய பாட்டை அதே பாடகர் இன்று புதிதாகப் பாடிப் பதிந்தாலும் மனசுக்கு ஒட்டாமல் போவது இதனால்தான் என்று நினைக்கிறேன். கேசட் காலத்துக்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு. டேப்ரெக்கார்டரின் மோட்டார் கொஞ்சம் வேகமாக ஓடினால் பாட்டின் வேகமும் சுருதியும் சேர்ந்தே ஏறும். அதைக் கேட்டே வளர்ந்தவருக்கு, இப்போது செல்போனில் கேட்கும் அசல் பதிவு மந்தமாகத் தோன்றினால், அது பிரமை அல்ல.

சரி, எந்தப் பாட்டு இப்படி ஆழமாகப் பதிகிறது? பெரும்பாலும் பத்து வயதிலிருந்து இருபதுகளின் நடுப்பகுதிவரை கேட்டவை. ஆனால் 2013இல் ஆய்வாளர்கள் கரோல் கிரம்ஹான்ஸலும் ஜஸ்டின் ஜுப்னிக்கும், இருபது வயதையொட்டிய அமெரிக்க இளைஞர்களைச் சோதித்தபோது, தங்கள் காலத்துப் பாடல்களோடு 1980களின் தொடக்கத்துப் பாடல்களும் அவர்களிடம் தனியாக மேலெழுந்து நின்றன. அந்த வருஷங்களில் அவர்கள் பிறந்திருக்கவே இல்லை. அவர்களுடைய அப்பா அம்மாதான் அப்போது இளைஞர்கள். வீட்டில் தங்களுக்குப் பிடித்ததைப் பிறகும் கேட்டுக்கொண்டே இருந்திருக்க வேண்டும், பிள்ளைகள் காதிலும் அது விழுந்திருக்கும்.