பேரிடர் மீட்பு மென்பொருளின் கான்ஃபிக் கோப்புகளுக்கு யார் பாதுகாப்பு?

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகவே சென்னை நிறுவனங்களில் டிஆர் (பேரிடர் மீட்பு) ஒத்திகைகள் சூடுபிடித்துவிடும். 2015 டிசம்பர் வெள்ளம், 2016இல் வர்தா, 2023இல் மிக்ஜாம் என்று பார்த்துவிட்ட ஊரில் இதற்காக யாரையும் வற்புறுத்த வேண்டியதில்லை. தரவுத்தளத்தின் நகல் ஐதராபாத்துக்கோ மும்பைக்கோ போய்ச் சேருகிறதா என்று எல்லோரும் விசாரிக்கிறார்கள். ஆனால் அந்த வேலையை நடத்தும் மென்பொருளின் அமைப்புகளை வைத்திருக்கும் கான்ஃபிக் கோப்புகளுக்கு நகல் எங்கே என்று கேட்டால், "அதே சர்வரில்தான் சார்" என்ற பதிலே பெரும்பாலும் வருகிறது. எந்தச் சேவை முதலில் எழ வேண்டும், எந்த ஐபி முகவரி மாற வேண்டும் என்பதெல்லாம் அந்தச் சில கிலோபைட்டுகளில்தான் இருக்கின்றன. சர்வர் அறைக்குள் தண்ணீர் புகுந்தால் அவையும் சேர்ந்தே கைக்கு எட்டாமல் போய்விடும்.

ஆகவே ஒரு நகல், முதன்மை மையம் முடங்கினால் பணியை ஏற்கும் மாற்று மையத்திலும், மற்றொன்று இரு மையங்களையும் சாராத இடத்திலும் இருக்க வேண்டும். மறைகுறியாக்கிய கடவுச்சொற்களைத் திறக்கும் சாவி, சான்றிதழ்கள், உரிமக் கோப்பு, மென்பொருளின் பதிப்பு எண் ஆகியவை இல்லாமல் கோப்பு மட்டும் இருந்து பயனில்லை. சாவியைத் தனியாக வைப்பது நல்லது. கோப்பின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் 'கிட்' மென்பொருளில் வைத்தால் யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்பது தெரியும் என்பதால் நான் அதையே பரிந்துரைக்கிறேன். ஆனால் கடவுச்சொல் வெளிப்படையாக உள்ள கோப்பை அதில் ஏற்றிவிட்டால், பிறகு அந்த வரியை நீக்கினாலும் பழைய பதிவுகளில் அது அப்படியே கிடக்கும்.

நகலை எங்கே வைக்கக் கூடாது என்பதற்கு அம்பத்தூரில் ஒரு நிதி நிறுவனத்தில் பார்த்ததைச் சொல்லலாம். திருத்துவதற்கு முன் பொறியாளர் பொறுப்பாக நகல் எடுத்தார்; அதை அதே கோப்புறையில், 'சிங்க்.கான்ஃப்' பக்கத்திலேயே 'சிங்க்_ஓல்ட்.கான்ஃப்' என்ற பெயரில் வைத்தார். அந்த மென்பொருளோ, கோப்புறையில் '.கான்ஃப்' என்று முடியும் எல்லாவற்றையும் பெயர் வரிசைப்படி படித்து, கடைசியாகப் படித்த மதிப்பையே எடுத்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. புதிய ஐபி முகவரி முதலில் ஏறியது, பழையது அதன்மேல் அமர்ந்தது. சேவையை மறுதொடக்கம் செய்யும்வரை யாருக்கும் எதுவும் தெரியவில்லை. நகலை வேறு கோப்புறைக்கு நகர்த்தியதோடு சிக்கல் தீர்ந்தது.

திருத்தும் முறையும் மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். ஒரு சர்வர் விழுந்தால் சேவையை இன்னொன்றுக்கு மாற்றும் கிளஸ்டர் மென்பொருளான பேஸ்மேக்கரில், அதன் அமைப்பு இருக்கும் சிஐபி.எக்ஸ்எம்எல் கோப்பை நேரடியாகத் தொடவே கூடாது: அதற்கெனத் தனிக் கையொப்பக் கோப்பு இருப்பதால், கையால் திருத்தியதை அது ஏற்காது. அதை நிர்வகிக்கும் 'பிசிஎஸ்' கட்டளையால் தற்போதைய அமைப்பை வெளியே எடுத்து, அந்த நகலில் திருத்தி, சரிபார்த்த பிறகே உள்ளே தள்ள வேண்டும். பராமரிப்பு நிலையை முதலில் இயக்கிவிட்டால், திருத்தத்தில் பிழை இருந்தாலும் சேவைகள் தாமாக இடம் மாறாது. அதே வகையைச் சேர்ந்த வெரிட்டாஸ் கிளஸ்டரில் ஓடிக்கொண்டிருப்பது நினைவகத்தில் உள்ள அமைப்பு. கிளஸ்டர் ஓடும்போது அதன் கான்ஃபிக் கோப்பான மெயின்.சிஎஃப்பைத் திறந்து எழுதினால், அடுத்த முறை அது தன் நினைவிலிருப்பதைக் கோப்பில் எழுதும்போது உங்கள் திருத்தம் காணாமல் போகும்.

வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ வந்த வரியை அப்படியே ஒட்டுவதும் ஆபத்து. நேர் மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக மாறியிருப்பது கண்ணுக்கு எளிதில் படாது. யாம்ல் என்ற வடிவில் எழுதும் கான்ஃபிக் கோப்பில் உள்தள்ளலுக்கு டேப் எழுத்தைப் பயன்படுத்தினால் மென்பொருள் கோப்பையே ஏற்காது. இவை சில்லறைப் பிழைகள்தாம், சரிபார்க்கும் கட்டளையை ஓட்டினாலே பெரும்பாலும் பிடிபட்டுவிடும். லினக்ஸில் நகலெடுக்கும்போது உரிமையாளரும் அனுமதிகளும் மாறாமல் பார்த்துக்கொள்வதும், லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு அடுக்கான எஸ்இலினக்ஸ் இயங்கினால் அது கோப்புக்கு இடும் முத்திரையைச் சரிசெய்வதும் அவசியம். எழுத்து மாறாத கோப்பைக்கூடச் சேவையால் படிக்க முடியாமல் போனதைக் கண்டிருக்கிறேன்.

திருத்திய பிறகு, இரு கோப்புகளின் வேறுபாட்டைக் காட்டும் 'டிஃப்' கட்டளையை ஓட்டி, மாற்ற நினைத்த வரிகள் மட்டுமே மாறியிருக்கின்றனவா என்று இன்னொருவர் பார்க்க வேண்டும். அதே மாற்றம் மாற்று மையத்துக் கோப்பிலும் அன்றைக்கே ஏற வேண்டும், அங்குள்ள ஐபி முகவரிகளுக்கு ஏற்ப. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் முடியும்வரை அவசரத் திருத்தம் தவிர வேறெதற்கும் அனுமதி கொடுக்காமல், எடுத்து வைத்த நகலைத் தனி இயந்திரம் ஒன்றில் ஏற்றிச் சேவை எழுகிறதா என்று செப்டம்பரிலேயே பார்த்துவிடுவதே என் பரிந்துரை.