அதிகபட்ச பேக்கேஜைப் பார்த்துப் பல்கலைக்கழகத்தை முடிவு செய்யாதீர்கள்

சில வாரங்களுக்கு முன் ஓர் அப்பாவும் மகளும் ஆலோசனைக்கு வந்தார்கள். இரண்டு தனியார் பல்கலைக்கழகங்களில் அந்தப் பெண்ணுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்திருந்தது. ஒன்றின் கட்டணம் மற்றதைப் போல் ஒன்றரை மடங்கு. அதன் கையேட்டில் ‘அதிகபட்ச பேக்கேஜ்’, அதாவது படித்து முடித்தவருக்கு வேலையில் கிடைத்த மிக அதிகமான ஆண்டுச் சம்பளம், என்ற வரியை அப்பா பேனாவால் இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார். "இதைப் பார்த்தா கடன் வாங்கியாவது சேர்த்துடலாம்னு தோணுது சார்" என்றார்.

அந்த எண் ஒரே ஒரு மாணவருடையது. அதிலும் போனஸ், பங்குகள் எல்லாம் சேர்ந்திருக்கலாம். சரி, சராசரியைப் பார்க்கலாமா? அதுவும் ஏமாற்றும். பத்துப் பேரில் ஒன்பது பேருக்குச் சம்பளம் 3, ஒருவருக்கு மட்டும் 33 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 6 வரும். ஆனால் அந்த 6-ஐ வாங்குபவர் அந்தப் பத்துப் பேரில் யாருமே இல்லை. சம்பளங்களை வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்பதுதான் மீடியன். இங்கே அது 3. பல்கலைக்கழகத்தில் இதைத்தான் கேளுங்கள், உங்கள் துறைக்கு மட்டும் கேளுங்கள்.

அப்புறம் சதவீதம். ‘80% பேருக்கு வேலை’ என்றால் எத்தனை பேரில்? துறையில் 200 பேர் படித்து, 120 பேரை மட்டும் தகுதியானவர்கள் என்று கணக்கில் எடுத்து, அதில் 96 பேருக்கு வேலை கிடைத்தாலும் 80% தான். படித்தவர்கள் எல்லோரையும் வைத்துப் பார்த்தால் 48%. ஒரே மாணவர் வாங்கிய மூன்று வேலைகளை மூன்றாக எண்ணியிருக்கிறார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

செலவுப் பக்கம் இன்னும் கவனம் வேண்டும். பெற்றோர்கள் முதல் வருடக் கட்டணத்தை நான்கால் பெருக்கி நிறுத்திவிடுகிறார்கள். வருடாந்தர உயர்வு, விடுதி, தேர்வுக் கட்டணம் எல்லாம் அதற்கு மேல். உதவித்தொகை தருகிறார்கள் என்றால், மதிப்பெண் குறைந்தால் அது நின்றுவிடுமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

கடன் என்றால் கணக்கே வேறு. வருடத் தொடக்கத்தில் 25 வீதம் நான்கு வருடத்தில் 100 வாங்குகிறீர்கள், வட்டி 10% என்போம். படிக்கும் காலத்துக்குத் தனிவட்டி போட்டாலே முடிக்கும்போது 125 ஆகியிருக்கும். அதைப் பத்து வருட மாதத் தவணையில் அடைத்தால் மொத்தம் சுமார் 198 கட்டுவீர்கள். 150 வாங்கினால் அது 297. கையேட்டில் 50 ஆகத் தெரியும் வித்தியாசம், கடைசியில் 99.

நான் எல்லோரிடமும் சொல்வது, அந்த மாதத் தவணையை மீடியன் சம்பளத்தின் பக்கத்தில் எழுதிப் பாருங்கள் என்பதுதான். கைக்கு வரும் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தவணை தாண்டினால், அந்த இடம் வேண்டாம் என்றே சொல்லிவிடுவேன். இருபத்திரண்டு வயதில் கழுத்தை நெரிக்கும் கடனோடு வேலை தேடும் பிள்ளைகள், கிடைத்த முதல் வேலையை ஒப்புக்கொண்டுவிடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மனசு கேட்பதில்லை.

அந்தப் பெண் இதையெல்லாம் நோட்டில் குறித்துக்கொண்டு, கட்டணம் அதிகமான இடத்தில் அதே துறையில் படித்து முடித்த ஒரு சீனியருக்கு அங்கேயே மெசேஜ் அனுப்பினாள். மறுநாள் பதில் வந்தது: வகுப்பில் 60 பேர், நிறுவனங்கள் கல்லூரிக்கே வந்து ஆளெடுக்கும் வளாகத் தேர்வில் வேலை கிடைத்தது 27 பேருக்கு. அப்பா போன் செய்தார். "இன்னொரு இடத்திலயும் இதையே கேட்கச் சொல்லியிருக்கேன் சார். பதில் வரட்டும், அதுவரைக்கும் பணம் கட்டப்போறதில்ல" என்றார்.