108க்கு போன் அடிச்ச பிறகு என்ன நடக்கும், யாரு காசு கட்டணும், போலீஸ் நம்மள பிடிச்சு வைக்குமா?

கொஞ்ச நாள் முன்னாடி பைபாஸ்ல ஒரு பைக் ஆக்சிடென்ட், நானும் வண்டிய ஓரம் கட்டிட்டு ஓடினேன், அதுக்குள்ள இருபது பேர் கூடிட்டாங்க, "தூக்கி ஆட்டோல போடுங்கப்பா"ன்னு ஆளாளுக்கு கத்துறாங்க, ஆனா 108க்கு யாருமே அடிக்கல. எல்லாரும் வேற யாராச்சும் அடிச்சிருப்பாங்கன்னு நெனச்சுட்டோம், நானும்தான், கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் ஒருத்தர் அடிச்சு வண்டி வந்துச்சு. கேஸ்ல இழுத்து விட்ருவாங்களோன்னு ஒரு பயமும் உள்ளுக்குள்ள இருந்துச்சு, மறைக்க என்ன இருக்கு. அதனாலதான் ரூல் என்னதான் சொல்லுதுன்னு தேடிப் படிச்சேன்.

முதல்ல 108. தமிழ்நாட்டுல இது 2008 செப்டம்பர்ல வந்துச்சு, 24 மணி நேரமும் உண்டு, ஒரு பைசா கிடையாது. பலருக்கு தெரியாத விஷயம், நீங்க தென்காசில இருந்து அடிச்சாலும் கால் போறது சென்னை தேனாம்பேட்டைல இருக்குற கன்ட்ரோல் ரூமுக்கு. போன் எடுக்குறவங்களுக்கு உங்க ஊரு டீக்கடையும் தெரியாது, பிள்ளையார் கோவிலும் தெரியாது. அதனால "பெரிய ஆலமரத்துக்கிட்ட"ன்னு ஆரம்பிக்காம மாவட்டம், தாலுகா, எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் நடுவுல, அப்புறம் அடையாளம்னு வரிசையா சொல்லுங்க. எத்தனை பேருக்கு அடி, நெனவு இருக்கா, மூச்சு இருக்கான்னு கேப்பாங்க, "இதெல்லாம் கேட்டு டைம் வேஸ்ட் பண்றாங்க"ன்னு கோவப்படாதீங்க, எந்த வண்டிய அனுப்பணும்னு அத வச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க. வென்டிலேட்டர் உள்ள வண்டி தனி, சாதா வண்டி தனி, பச்சக் குழந்தைக்கு தனி. அப்புறம் வண்டில இருந்து திரும்ப கூப்பிடுவாங்க, புது நம்பர்னு கட் பண்ணிராதீங்க.

வண்டில ரெண்டு பேர் வருவாங்க. ஓட்டுறவர பைலட்னு சொல்வாங்க, இன்னொருத்தர் இஎம்டி, அதாவது அவசர மருத்துவ உதவியாளர். அன்னைக்கு வந்த இஎம்டிக்கு இருபத்தஞ்சு வயசு கூட இருக்காது, இறங்கின உடனே அவர் சொன்ன முதல் வார்த்தை "அண்ணே கைய எடுங்க, கழுத்த அசைக்காதீங்க". ஒருத்தர் தோள்லயும் ஒருத்தர் கால்லயும் பிடிச்சு தூக்கப் போயிட்டு இருந்தாங்க. இஎம்டி அடிபட்டவரோட தலைய ரெண்டு கையாலயும் அசையாம பிடிச்சுக்கிட்டே பேர் கேட்டாரு, விரல அசைக்கச் சொன்னாரு, கழுத்துக்கு காலர் போட்டாரு, அப்புறம்தான் ஒரு பலகைய பக்கத்துல வச்சு ஆள மொத்தமா ஒரே உருட்டா உருட்டி ஏத்துனாங்க. கழுத்தெலும்பு உடைஞ்சிருந்தா நாம அவசரப்பட்டு தூக்குற தூக்குலயே தண்டுவடம் போயிரலாம், ஆட்டோல மடிச்சுப் போட்டா கேக்கவே வேணாம். வண்டிக்குள்ள ஆக்சிஜன், ரத்தத்த நிறுத்த கட்டு, தொண்டைல அடைக்கிறத உறிஞ்சி எடுக்குற மெஷின்னு எல்லாம் இருக்கு, சந்தேகம்னா கன்ட்ரோல் ரூம் டாக்டர்கிட்ட போன்ல கேட்டு கேட்டு செய்வாங்க. ஓடுற வண்டில பிரசவம் பாக்குறதும் இவங்கதான்.

அடுத்தது காசு. "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48"னு தமிழ்நாடு அரசு திட்டம், 2021 டிசம்பர்ல மேல்மருவத்தூர்ல தொடங்கி வச்சாங்க. தமிழ்நாட்டு எல்லைக்குள்ள ரோடு ஆக்சிடென்ட் ஆனா முதல் 48 மணி நேர சிகிச்சை ஃப்ரீ, திட்டத்துல சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிலயும் ஃப்ரீ. காப்பீட்டு அட்டை இருக்கணும்னு இல்ல, வருமான வரம்பு இல்ல, வெளி மாநிலத்துக்காரர், வெளிநாட்டுக்காரர்னு யாரா இருந்தாலும் சரி. தொடங்கும்போது ஒருத்தருக்கு 1 லட்சம் ரூபா வரைக்கும், 81 வகை சிகிச்சைன்னு வச்சாங்க. 48 மணி நேரம் முடிஞ்சா முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உள்ளவங்க அதுல தொடரலாம், இல்லாதவங்க அரசு ஆஸ்பத்திரிக்கு மாறலாம், இல்ல அங்கயே காசு கட்டிப் பாக்கலாம். இது இல்லாம மத்திய அரசும் 2025 மே மாசம் ஒரு திட்டம் கொண்டு வந்திருக்கு, அதுல ஆக்சிடென்ட் ஆன நாள்ல இருந்து 7 நாள், 1.5 லட்சம் வரைக்கும். ரெண்டுமே ரோடு விபத்துக்குத்தான், மாடில இருந்து விழுந்தவருக்குப் போய் கேட்டா கிடைக்காது.

எங்க சொந்தக்காரர் ஒருத்தர அடிபட்டு கொண்டு போனப்ப ஒரு தனியார் ஆஸ்பத்திரில "அட்வான்ஸ் கட்டுங்க, போலீஸ் வரட்டும்"னு நிக்க வச்சாங்க, எங்களுக்கும் அப்ப எதுவும் தெரியல. போலீஸ் வர்ற வரைக்கும் காத்திருக்காம முதல்ல உயிரக் காப்பாத்துன்னு சுப்ரீம் கோர்ட் 1989லயே சொல்லிருச்சு. வாசல்லயே "நாப்பத்தெட்டு திட்டத்துல சேருங்க"ன்னு கேட்டுருங்க, அங்க அந்த திட்டம் இல்லன்னாலும் முதல்ல உயிருக்கு ஆபத்து இல்லாத நிலைக்கு கொண்டு வந்துட்டுத்தான் வேற இடத்துக்கு அனுப்பணும்.

இப்ப போலீஸ் பயம். மோட்டார் வாகனச் சட்டத்துல 2019 திருத்தத்துல 134ஏ பிரிவு சேத்தாங்க, நல்ல மனசோட உதவி பண்ண ஆள் மேல சிவில் கேஸும் கிரிமினல் கேஸும் போட முடியாது, கொண்டு போற வழியில ஆள் இறந்தாலும் சரி. 2020 செப்டம்பர்ல வந்த ரூல்படி பேர், அட்ரஸ், போன் நம்பர் குடுன்னு போலீஸோ ஆஸ்பத்திரியோ கட்டாயப்படுத்தக் கூடாது, விட்டுட்டு கெளம்பலாம். சாட்சி சொல்றேன்னு நீங்களா முன்வந்தா மட்டும் விசாரணை, அதுவும் உங்களுக்கு தோதான நேரத்துல, இடத்துல. இந்த உரிமைகள ஆஸ்பத்திரி வாசல்ல தமிழ்லயும் எழுதி வைக்கணும்னு ரூல், போகும்போது போர்டு இருக்கான்னு பாருங்க. பெரிய விபத்துல சிக்குனவர முதல் ஒரு மணி நேரத்துக்குள்ள கொண்டு போய் சேத்தா மத்திய அரசு பரிசும் உண்டு, முன்னாடி 5,000 ரூபா, 2025ல 25,000 ஆக்கிட்டாங்க. ஆனா இந்தப் பாதுகாப்பெல்லாம் இடிச்ச வண்டிக்காரருக்கு இல்ல, அவர் கேஸ் தனி.

இன்னொண்ணு, சைரன் போட்டு வர்ற ஆம்புலன்ஸுக்கு வழி விடலன்னா 194ஈ பிரிவுப்படி 10,000 ரூபா அபராதம், இல்ல 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும் சேர்த்தே உண்டு. ஆம்புலன்ஸ் பின்னாடியே ஒட்டிக்கிட்டு சிக்னல் தாண்டுறவங்கள என்ன பண்றதுன்னுதான் தெரியல.